சிப்பிப் பண்ணைக்கு முன் தண்ணீருக்குச் சான்று வேண்டும்

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-ல் வந்தபோது, அதன் கவனம் பெரும்பாலும் இறால் பண்ணைகள் மீதே இருந்தது. 2023-ல் செய்யப்பட்ட திருத்தம் கூண்டு மீன், கடற்பாசி, முத்துச்சிப்பி ஆகியவற்றோடு ஆழி, மட்டி போன்ற இரட்டை ஓட்டு உயிர்களின் வளர்ப்பையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இதற்கு மானியமும் உண்டு: பொதுப் பிரிவினருக்கு 40%, பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60%. சட்டமும் பணமும் தயாராக இருக்கின்றன. எண்ணூர் முகத்துவாரம் முதல் பழவேற்காடு வரையிலான நீர்ப்பரப்பில் சிப்பிப் பண்ணைகளை அனுமதிக்கலாமா என்ற கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது.

இரு தரப்பு வாதங்கள்

அனுமதிக்கலாம் என்போருக்கு வலுவான சான்று கேரளத்தில் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த முறையைக் கொண்டு, 1990-களின் பிற்பகுதியிலிருந்து காசர்கோடு மாவட்டம் படன்னா பகுதியின் காயல்களில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் கயிற்றில் ஆழி வளர்த்துவருகின்றன. தீவனம் வாங்க வேண்டியதில்லை; மருந்து தெளிக்க வேண்டியதில்லை. நீரில் மிதக்கும் நுண்பாசியே உணவு. குளம் வெட்டுவதில்லை, நிலம் உப்பாவதில்லை. மீன் வரத்து குறைந்துபோன எண்ணூர்க் குப்பங்களுக்கு இப்படியொரு வருமானம் ஏன் கூடாது என்று அவர்கள் கேட்பது நியாயமே.

தயங்குவோரிடமும் நியாயம் இருக்கிறது. இறால் பண்ணைகள் தஞ்சைக் கடலோரத்தை என்ன செய்தன என்பதைத் தமிழகம் மறக்கவில்லை. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பழவேற்காடு ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் குளங்களே கூடாது என்றது. எண்ணூரில் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் ஆற்றையும் கரையையும் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சமிருக்கும் நீரிலும் கம்பு நட்டு எல்லை கட்டுவார்களோ என்று மீனவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு.

ஆனால், இந்த விவாதம் இறால் பண்ணைக்குக் கேட்ட கேள்வியையே சிப்பிப் பண்ணைக்கும் கேட்கிறது: பண்ணை நீரைக் கெடுக்குமா? ஆழிக்கும் மட்டிக்கும் இது பொருந்தாது. இவை நீரைக் கெடுப்பதைவிட, கெட்ட நீரைத் தம் உடலில் வாங்கிக்கொள்பவை. எனவே முதலில் கேட்க வேண்டியது, இந்த நீர் பண்ணைக்குத் தகுதியானதா என்பதைத்தான்.

உடலே பதிவேடு

வளர்ந்த ஓர் ஆழி மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை உள்ளிழுத்து வடிகட்டுகிறது. அப்போது நுண்பாசியோடு கிருமிகளும் ஈயமும் காட்மியமும் எண்ணெயும் அதன் சதையில் சேர்கின்றன. இந்தத் தன்மையைக் கண்டுதான் 1975-ல் எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க அறிவியலர், ஆழிகளைக் கொண்டே உலகக் கடலோரங்களின் மாசைக் கண்காணிக்கலாம் என்று முன்மொழிந்தார். அமெரிக்க அரசு 1986 முதல் அதை நடைமுறைப்படுத்திவருகிறது.

அறுவடை செய்த ஆழிகளைத் தூய கடல்நீர்த் தொட்டியில் ஓரிரு நாட்கள் விட்டால் கிருமிகள் பெருமளவு வெளியேறிவிடும். சதையில் ஏறிய உலோகம் அப்படி வெளியேறாது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன், சிப்பி வழியாகவே மக்களின் நரம்புகளைத் தாக்கியது. 1956-ல் அந்த நோய் அடையாளம் காணப்பட்டபோது முதலில் பலியானவர்கள் மீனவக் குடும்பங்களே.

எண்ணூர் நீர் எதையெல்லாம் வாங்கியிருக்கிறது? வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் ஆண்டுக்கணக்கில் சாம்பல் படிந்தது. மின்வாரியத்தின் பொறுப்பை 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உறுதிசெய்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரம் முழுவதும் பரவியது.

அந்த டிசம்பரில் தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. குடும்பங்களும் படகுகளும் கணக்கில் வந்தன. ஆற்றின் அடியில் செத்த மட்டிக்கும் ஆழிக்கும் அந்தப் பட்டியலில் தனி வரி இல்லை. எந்தப் பதிவிலும் இல்லாத வளத்துக்கு இழப்பீடு கேட்க முடிவதில்லை. முறையான பண்ணை உரிமை ஒன்று இருந்தால், இழப்பைக் கணக்கிடவும் அதற்கு உரியவரிடம் பணம் கேட்கவும் ஒரு சட்டப் பிடிமானம் கிடைக்கும். பண்ணைக்கு ஆதரவாக நான் காணும் மிகப் பெரிய வாதம் இதுவே.

வகைப்படுத்தாமல் அனுமதி கூடாது

ஐரோப்பிய ஒன்றியத்தில் சிப்பி வளரும் ஒவ்வொரு நீர்ப்பகுதியையும் அரசு முதலில் தரம் பிரிக்கிறது. 100 கிராம் சதையில் ஈ.கோலை கிருமி எண்ணிக்கை பெரும்பாலான மாதிரிகளில் 230-க்குள் இருந்தால் நேரடியாக விற்கலாம். 4,600 வரை இருந்தால் சுத்திகரித்த பிறகே விற்கலாம். உலோகங்களுக்குத் தனி வரம்பு உண்டு. கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டி மீன்பிடிப்பு 2014-ல் நீடித்த மீன்பிடிப்புக்கான சர்வதேச எம்எஸ்சி சான்று பெற்றது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கு மட்டி எடுப்பதில்லை. கண்காணிப்பும் கட்டுப்பாடும் இருந்தால் நம் நாட்டிலும் முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

எண்ணூரில் இத்தகைய ஆய்வை நடத்தி முடிவை வெளியிட்டால், இங்கு பிடிக்கும் எந்த மீனையும் யாரும் வாங்க மாட்டார்கள் என்றொரு அச்சம் இருக்கிறது. காசிமேட்டு ஏலத்திலும் தெருவோரக் கூடையிலும் விலை சரிந்தால், அந்த அடி முழுவதும் மீனவர் மீதுதான் விழும். இந்த அச்சத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், மௌனத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதையும் அதே மக்கள்தான் கொடுக்கிறார்கள். படகில்லாதவர்களும் பழங்குடி இருளர் பெண்களும் இன்றும் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள், மட்டி பொறுக்குகிறார்கள். விற்றது போக மீதி அவர்கள் வீட்டு உலையில்தான் வேகிறது. பண்ணைக்கு ஆகாத நீர் என்றால், அவர்கள் சட்டிக்கும் அது ஆகாது. ஆகவே ஆய்வும் நிவாரணமும் ஒரே ஆணையில் வர வேண்டும்: நீர் தேறாவிட்டால் அதற்கான வருமான இழப்பை, நீரைக் கெடுத்த நிறுவனங்களிடமிருந்து வசூலித்து அரசு வழங்க வேண்டும்.

காக்கா ஆழியின் எச்சரிக்கை

இங்கே அனுமதி இல்லாமலே ஓர் ஆழி பரவியிருக்கிறது. எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் அது, அமெரிக்கக் கண்டங்களின் வெப்பக் கடலோரங்களைச் சேர்ந்த அயல் இனம். கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றும் நீரிலும் அவற்றின் அடிப்பாகத்தில் ஒட்டியும் இவ்வகை உயிர்கள் கடல் கடக்கின்றன. ஆற்றடியில் பாய் விரித்ததுபோல் அது படர்ந்ததால், இறால் புதைந்து வாழ மண் இல்லை. மஞ்சள் மட்டி மூச்சடைத்துச் சாகிறது. மீனவர்களின் புகார் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. இதை அகற்றாமல் பண்ணைக் கயிறுகளைத் தொங்கவிட்டால், நாம் வளர்க்க நினைக்கும் பச்சை ஆழிக்கு முன் காக்கா ஆழி அவற்றில் குடியேறிவிடும்.

யாருக்கு உரிமை?

பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைக் கிராமமே சீட்டுப் போட்டு முறைவைத்துத் தீர்மானிக்கிறது. ஏலத்தில் நீரை விட்டால் இந்த ஒழுங்கு ஒரே நாளில் குலையும். அதே நேரம் பாடு முறைக்கு வெளியே நிற்கும் இருளர்களையும் பெண்களையும் புதிய உரிமையும் ஒதுக்கிவிடக் கூடாது. தனி நிறுவனத்துக்கோ வெளியூர் முதலீட்டாளருக்கோ குத்தகை தராமல், கையால் பொறுக்குவோரையும் உறுப்பினராகக் கொண்ட கூட்டுறவுகளுக்கு மட்டுமே அனுமதி வழங்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது தெளிவானது. மழை, கோடை இரண்டையும் உள்ளடக்கி ஓராண்டுக்கு மாதந்தோறும் ஆழி, மட்டியின் சதையைச் சோதிக்க வேண்டும். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் சென்னையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருக்கையில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. முடிவுகளைத் தமிழில் ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்ட வேண்டும். அதுவரை எந்தப் பண்ணைக்கும் அனுமதி கூடாது. நீர் தேறிய பிறகு தரும் அனுமதியிலும் ஒரு நிபந்தனை கட்டாயம்: மாசு வரம்பைத் தாண்டினால் பண்ணை மூடப்படும் நாளிலேயே, மாசுக்குக் காரணமான ஆலையின் கழிவுநீர்க் குழாயும் மூடப்பட வேண்டும். இந்த நிபந்தனையை ஏற்க அரசு தயாரானால், சிப்பிப் பண்ணை எண்ணூருக்கு வாழ்வு தரும். தயாரில்லை என்றால், அந்த நீரில் விளைவதை நம் குழந்தைகளுக்கு ஊட்டச் சொல்லும் தகுதி அரசுக்கு இல்லை.