ஓடுவதற்குக் கூலி

கையடக்கத் தொலைபேசியும் கைக்கடிகாரமும் இந்நாளில் நம் காலடிகளை எண்ணத் தொடங்கிவிட்டன. இத்தனை அடி நடந்தால் இத்தனை புள்ளி, இத்தனை புள்ளிக்கு ஒரு பதக்கம், ஒருநாளேனும் தவறாது ஒரு கிழமை நடந்தால் ஒரு கிரீடம் என அவை பரிசும் வழங்குகின்றன. அப்பதக்கமும் கிரீடமும் கையில் எடுத்துப் பார்க்கத்தக்கன அல்ல. கண்ணாடித் திரையிலே தோன்றி மறையும் சித்திரங்களே. ஆயினும், பதின்மூன்று தொடக்கம் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளைக் கதிரையினின்றும் எழுப்புதற்கு இதுவே தக்க வழியென்று கல்வியாளர் சிலரும் வைத்தியர் சிலரும் கூறி வருகின்றனர். இதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆராய்ந்து பார்த்தலே ஆசிரியர்க்கு அழகு.

நோய் மெய்யானது என்பதில் ஐயமில்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் வருந்த இயங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்த நெறி. அதற்கு முன்னரே, 2019 இல், அந்நிறுவனத்தின் ஆய்வாளர் 146 நாடுகளின் கணக்கை ஒருங்கு திரட்டி வெளியிட்டனர். 2016 ஆம் ஆண்டு நிலைமைப்படி, பதினொன்று முதல் பதினேழு வயதினருள் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு இயங்காதவர். ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85. வறிய நாடு செல்வ நாடு என்ற பேதம் இதிற் பெரிதாக இல்லை. எமது நாட்டிலோ ஒன்பதாந் தரம் வரை எல்லாரும் கற்கும் சுகாதாரமும் உடற்கல்வியும் பத்தாந் தரத்தில் விரும்பினோர் மட்டும் எடுக்கும் பாடமாகிவிடுகிறது. அதற்கு முந்திய தரங்களிலும், பரீட்சை நெருங்கினால், அப்பாடவேளையைக் கணித ஆசிரியர் இரவல் வாங்குவார். வாங்கிய இரவல் திரும்பியதாகக் கதையில்லை. மாலைப்பொழுதைத் தனியார் வகுப்புகள் எடுத்துக்கொள்கின்றன.

இனி மருந்தைப் பார்ப்போம். 2016 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ‘போக்கிமொன் கோ’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. தொலைபேசியை ஏந்தித் தெருத்தெருவாக நடந்து, திரையில் தோன்றும் விந்தைப் பிராணிகளைப் பிடிக்கவேண்டும். சில முட்டைகளைப் பொரிக்கவைக்க இரண்டு, ஐந்து அல்லது பத்துக் கிலோமீற்றர் நடக்கவேண்டும். உலகெங்கும் இளைஞர் வீதிக்கு வந்தனர். அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தவர்கள், அவ்வாண்டு இறுதியில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் முடிவை வெளியிட்டனர். முதற் கிழமையில் நாளொன்றுக்குச் சராசரி 955 அடிகள் கூடின. பின்பு கிழமைதோறும் குறைந்து, ஆறாவது கிழமையில் எல்லாம் பழைய நிலைக்கே மீண்டன. ஆராயப்பட்டோர் பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயதினர் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால், புதுமையில் மயங்கி விரைவிற் சலிப்பதில் பதினைந்து வயதினர் முப்பது வயதினர்க்குப் பின்தங்கியவர் என்று எந்த ஆசிரியரும் வாதிடமாட்டார்.

இவ்விளையாட்டு வந்த சில நாட்களிலேயே முட்டையை நடவாமற் பொரிக்கவைக்கும் உபாயங்களும் வந்துவிட்டன. தொலைபேசியைச் சுழலும் மின்விசிறியிற் கட்டியோர் உளர். இசைத்தட்டுச் சுழலும் பெட்டிமேல் வைத்தோரும் உளர். சீனாவிலே தொலைபேசியை ஓயாது ஆட்டி அடிக்கணக்கை ஏற்றித் தரும் சிறு பொறிகளே விற்பனைக்கு வந்தன. இவர்களைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. அடிக்கு விலை கூறியவர்கள் பெரியவர்கள். மலிவாக அடி உற்பத்தி செய்யும் வழியைப் பிள்ளைகள் கண்டனர். வாணிபத்தில் இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர்.

பரிசுக்கு இதனினும் ஆழமான ஒரு தீங்கு உண்டென்று 1973 இல் அமெரிக்க உளவியலாளர் லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகிய மூவர் காட்டினர். சித்திரம் வரைவதில் இயல்பாகவே ஆசைகொண்ட பாலர்களை அவர்கள் மூன்று பிரிவாக்கினர். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு பிரிவினர்க்கு முன்கூட்டியே கூறினர். மற்றொரு பிரிவினர்க்கு ஒன்றும் கூறாது, வரைந்து முடிந்தபின் சான்றிதழைக் கொடுத்தனர். மூன்றாம் பிரிவினர்க்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபொழுது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் தாமாக வரைவதிற் செலவிட்ட நேரம் ஏனையோரினும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆசையாற் செய்த வேலை கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது.

எனினும் இவ்வாய்வை அளவுக்கு மீறி நீட்டலாகாது. அப்பாலர்கள் முன்னமே சித்திரத்தை விரும்பியவர்கள். விருப்பம் இருந்தாற்றான் அதனைக் கெடுக்க முடியும். ஓட்டம் என்றாலே ஒதுங்கிப்போகும் பிள்ளைக்கு ஒரு பதக்கச் சித்திரம் முதற்படியாக அமையுமானால் அதனைத் தடுக்க நான் முன்வரேன். முதலடிக்கு உதவும் பொருளை ஆயுளுக்கும் ஊன்றுகோலாகக் கொள்வதையே மறுக்கிறேன்.

தொலைபேசியைக் குறைகூறும் நம் பாடசாலைகள் இவ்விடயத்திற் செய்துவருவது என்ன? இல்ல மெய்வல்லுநர் போட்டியை எண்ணிப் பாருங்கள். இல்லங்கள் அலங்கரிக்கப்படுகின்றன; அணிநடை நடக்கிறது; முதல் மூவர் மேடையேறுகின்றனர். எப்பாடசாலையிலும் பெரும்பாலும் அதே சிலர்தாம் ஆண்டுதோறும் ஏறுவர். ஊக்கம் எவர்க்குத் தேவையில்லையோ அவர்க்கே பரிசு. மெதுவாக ஓடும் ஒரு மாணவி பதின்மூன்றாம் வயதில், தனக்குரிய இடம் கூடாரத்தின் நிழல் என்று கற்றுக்கொள்கிறாள். அப்பாடத்தை அவள் மறப்பதேயில்லை. தொலைபேசியின் புள்ளிப்பட்டியல் இதே அநீதியை நாள்தோறும் செய்கிறது, வேறுபாடு அவ்வளவே.

இங்கிலாந்தில் 1956 இல் தோன்றி, நம் நாட்டிலும் நடைபெறும் எடின்பரோ கோமகன் விருதுத் திட்டம் இதனினும் அறிவுடையது. அதிலும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிகள் உண்டு. ஆனால் ஒருவர் மற்றவரை வெல்லவேண்டியதில்லை. தமக்கென வகுத்த இலக்கை நோக்கி மாதக்கணக்கில் விடாது முயலவேண்டும். நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடுதற்கு அங்கே இடமுண்டு.

விளையாட்டிலிருந்து புள்ளியை மட்டும் பிரித்தெடுத்து விளையாட்டைக் கைவிட்டதே இக்கால அறிஞர் செய்த பெரும்பிழை என்பது என் துணிபு. கிளித்தட்டு ஆடிய பிள்ளைகளை எவரும் பரிசு காட்டி அழைத்ததில்லை. தட்டுகள் யாவற்றையும் கடந்து, கிளியின் கைக்குத் தப்பி மீண்டவனுக்குக் கிடைத்தது ‘பழம்’ என்ற ஒரு சொல். அப்பழத்தை விற்க இயலாது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டவும் இயலாது. ஆட்டத்தினுள்ளே பிறந்து ஆட்டத்தோடு முடிவது அது. அதற்காகவே விளக்கேற்றும் பொழுது வரை மூச்சிரைக்க ஓடினார்கள். எந்திர விளையாட்டுகளிலும் இத்தகையன இல்லாமலில்லை. இசைக்கேற்பக் கால்களால் அம்புக்குறிகளை மிதித்தாடும் யப்பானிய நடன விளையாட்டை, அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலம் தன் பொதுப் பாடசாலைகள் அனைத்திலும் உடற்கல்விக்குப் பயன்படுத்தப்போவதாக 2006 இல் அறிவித்தது. அங்கே அசைவே ஆட்டம். அடியெண்ணும் கருவியிலோ அசைவு பிறிதொன்றுக்குக் கொடுக்கும் விலை.

ஆகவே பாடசாலைகள் செய்யத்தக்கன சில உள. ஓட்டத்தை முடிக்கும் ஒவ்வொருவர்க்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம். முந்திய தவணையிலும் தன் நேரத்தைக் குறைத்தவர்க்கு இன்னொன்று கொடுக்கலாம். வெறுங்காணியொன்றிலே கிளித்தட்டுக் கோடு கீறச் சுண்ணாம்பு போதும். மாணவியர்க்கு மைதானத்தில் அவர்களுக்கேயுரிய நேரம் வேண்டும். ஆண்பிள்ளைகள் ஆடி முடித்தபின் எஞ்சும் அரைமணி நேரம் போதாது. வருகின்ற முதலாந் தவணையில் இல்லக் கொடிகள் ஏறும்பொழுது அதிபர்கள் தம் அறிக்கையில், வென்றோர் பெயர்களுக்கு முன்னதாக, பாடசாலையில் எத்தனை பேர் உளர், அவருள் எத்தனை பேர் அவ்வாண்டு ஒரு போட்டியிலேனும் ஓடினர் என்ற இரண்டு எண்களை வாசிப்பார்களாக.