பெஞ்சுக்காரரின் விலை

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு விசித்திரமான உத்தியோகம் உண்டு. சம்பளம் உண்டு, உடுப்பு உண்டு. ஆட்டம் மட்டும் அபூர்வம். பெரிய லீக் கோஷ்டியில் வழக்கமாக 26 பேர். பந்தெறிபவர்கள் 13 பேருக்கு மேற்படக் கூடாது. மட்டை பிடிக்கும் வரிசையிலோ 9 பேருக்குத்தான் இடம். மிஞ்சிய நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒருவரை வெளியே அழைத்து இன்னொருவரை அனுப்பினால், வெளியே வந்தவர் அன்றைக்கு மீண்டும் இறங்க முடியாது. ஆகையால் பெஞ்சுக்காரரை எந்த க்ஷணத்தில் கூப்பிடுவது என்பதே மானேஜருக்குப் பெரிய சோதனை.

இந்த ஆட்டத்தைச் சுற்றி 'கற்பனை லீக்' என்று ஒரு பொழுதுபோக்கு வளர்ந்திருக்கிறது. 1980-ல் டேனியல் ஓக்ரன்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் இதைத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய போஜனசாலையின் பெயரால் 'ரோட்டிஸரி' என்ற பெயர் வந்தது. ஒவ்வொருவரும் 260 டாலர் கணக்கில் நிஜ ஆட்டக்காரர்கள் 23 பேரை ஏலம் எடுப்பார்கள். மைதானத்தில் அவர்கள் செய்வதெல்லாம் ஏலம் எடுத்தவரின் புஸ்தகத்தில் வரவாகும்.

அந்தப் புஸ்தகத்தில் பெஞ்சுக்காரருக்கு என்ன விலை? மட்டை பிடிக்காதவருக்கு வரவே இல்லை. ஆகவே மிகவும் சொற்பம். இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு உண்டு. பல ஸ்தானங்களில் நின்று ஆடக்கூடியவர் ஒருவர். யாருக்குக் காயம் பட்டாலும் அவருக்கு அழைப்பு வரும். வேகமாக ஓடுகிறவர் மற்றவர். அடி விழக் காத்திராமல் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதைத் 'திருட்டு' என்பார்கள். அதற்குப் புஸ்தகத்தில் தனிப் பத்தியே இருக்கிறது.

ஆனால் புஸ்தகம் நியாயமாக எடைபோடுகிறதா? ஓக்லண்ட் கோஷ்டியில் 1974, 1975 வருஷங்களில் ஹெர்ப் வாஷிங்டன் என்ற ஓட்டப் பந்தய வீரர் இருந்தார். 105 ஆட்டங்களில் இறங்கினார். ஒரு தடவைகூட மட்டை பிடிக்கவில்லை! பிறருக்குப் பதிலாக ஓடி 31 திருட்டுகள் செய்தார். கற்பனை லீக் அப்போது இருந்திருந்தால் அந்த 31-ம் வரவாகியிருக்கும். அவர் 17 தடவை பிடிபட்டதை வழக்கமான புஸ்தகம் எழுதாது. பத்துக்கு ஏறக்குறைய ஏழு பலிக்காவிட்டால் திருட்டு நஷ்டமே என்பது நிபுணர்களின் அபிப்பிராயம்.

இதற்கு நேர்மாறானது டேவ் ராபர்ட்ஸின் கதை. 2004 அக்டோபர் 17 அன்று பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் கோஷ்டி நியூயார்க் யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று, நாலாவதிலும் 4-3 என்று பின்தங்கி நின்றது. கடைசிச் சுற்று. எதிரே ரிவேரா என்னும் மகா சமர்த்தர். முதல் தளத்திலிருந்தவருக்குப் பதிலாக ஓடுவதற்கு மானேஜர் பெஞ்சிலிருந்து ராபர்ட்ஸை எழுப்பினார். அவர் ஓடப்போகிறார் என்பது மைதானம் முழுவதற்கும் தெரியும். ரிவேரா மூன்று தடவை முதல் தளத்துக்கே பந்தை எறிந்து மிரட்டினார். அடுத்த பந்தில் ராபர்ட்ஸ் ஓடினார்; மயிரிழையில் இரண்டாம் தளம் சேர்ந்தார். அடுத்து ஓர் அடி, ஆட்டம் சமம். பன்னிரண்டாம் சுற்றில் பாஸ்டன் ஜயித்தது. பிறகு ஒரு தோல்வியும் இல்லை. 1918-க்குப் பின் முதன்முறையாக உலகப் பட்டம் கிடைத்தது.

அந்த முடிவுப் பந்தயங்களில் ராபர்ட்ஸ் ஒரு தடவையும் மட்டை பிடிக்கவில்லை. பெரும்பாலான கற்பனை லீக்குகள் பருவ ஆட்டங்களோடு கணக்கை மூடிவிடுகின்றன. எனவே அந்த ஓட்டத்துக்கு அங்கே ஒரு காசும் வரவில்லை.

ஏலத்துக்குப் போகிறவர் புஸ்தகத்தைப் பார்த்தே விலை சொல்லட்டும். விளையாட்டின் விதி அது. ஒருவர் எதற்காகப் பெஞ்சில் வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை அறிய விரும்புகிறவரோ ஆட்டத்தைப் பார்க்கவேண்டும். பத்தி போடாத குணத்துக்கு மார்க் விழாது என்பது பள்ளிக்கூடத்திலும் நாங்கள் காண்பதுதான்.

ராபர்ட்ஸ் பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் கோஷ்டிக்கு மானேஜரானார். 2020, 2024, 2025 வருஷங்களில் அக்கோஷ்டி உலகப் பட்டம் பெற்றது. பெஞ்சிலிருப்பவரை எப்போது எழுப்புவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவரிடமே வந்து சேர்ந்தது.