பகைவரும் மறைக்காத வீரம்



போர்வீரர்களின் கதை என்றால் உங்களுக்குக் கொண்டாட்டம்தான். அந்தக் கதைகளில் நம் வீரர்கள் எல்லாரும் புலிகள். எதிரிகள் எல்லாரும் கோழைகள். அப்படிச் சொன்னால்தான் நாட்டுப்பற்று என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிரில் நிற்பவரின் திறமையையும் உள்ளபடி சொல்லத் தெரிந்தவர்தான் வீரத்தின் மதிப்பை அறிந்தவர் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன்? ஒரு விமானியின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் அஜ்ஜமாடா போப்பய்யா தேவய்யா. நம் காவிரி பிறக்கும் குடகு நாட்டுக்காரர். 1932 டிசம்பர் 24 அன்று பிறந்தார். 1954இல் இந்திய விமானப்படையில் விமானியானார். பிறகு இளம் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராகவும் ஆனார். 1965இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது, பஞ்சாபில் உள்ள ஆதம்பூர் தளத்தில் இருந்த முதலாவது படைப்பிரிவில் சேர்க்கப்பட்டார். அந்தப் பிரிவின் பட்டப்பெயர் ‘புலிகள்’.

1965 செப்டம்பர் 6 மாலை, பாகிஸ்தான் விமானங்கள் நம் பதான்கோட் தளத்தைத் தாக்கின. மறுநாள் அதிகாலை, அவர்களுடைய பெரிய விமானத் தளமான சர்கோதாவைத் தாக்க நம் படை முடிவு செய்தது. 12 மிஸ்டேர் விமானங்கள் போக வேண்டும். தலைமை விங் கமாண்டர் தனேஜா. கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் தயாராகக் காத்திருப்பார் அல்லவா? அதுபோல மாற்று விமானியாகக் காத்திருந்தவர் தேவய்யா. ஒரு விமானம் கூட்டத்திலிருந்து விலக நேர்ந்தது. அந்த இடத்துக்கு இவர் பறந்து போய்ச் சேர்ந்துகொண்டார்.

சர்கோதா வெகு தூரம். போய்விட்டுத் திரும்பத்தான் எரிபொருள் சரியாக இருக்கும். நடுவானில் சண்டை போட மிச்சம் இருக்காது. தாக்குதல் முடிந்து திரும்பும்போது பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானம் ஒன்று எதிர்ப்பட்டது. அது ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக் கூடிய அமெரிக்க விமானம். தேவய்யாவின் மிஸ்டேரோ நேராகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தைக்கூட எட்டாது. மோட்டார் சைக்கிளோடு சைக்கிள் போட்டி போட்ட மாதிரிதான்.

தேவய்யாவின் விமானம் அடிபட்டது. ஆனாலும் அவர் விலகி ஓடவில்லை. எதிர்த்துச் சண்டையிட்டு ஸ்டார்ஃபைட்டரைச் சுட்டு வீழ்த்தினார். அதை ஓட்டிய அம்ஜத் உசேன் பாராசூட் மூலம் உயிர் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 32.

இதில் வேதனை என்ன தெரியுமா? அந்தச் சண்டையை அவருடைய தோழர்கள் ஒருவரும் பார்க்கவில்லை. போன விமானங்களில் திரும்பாதது அவருடையது மட்டும்தான். ‘காணவில்லை’ என்று குறிப்பு எழுதினார்கள். அவர் செய்த தீரச் செயல் நம் நாட்டுக்கே தெரியாமல் போயிற்று.

1979இல் ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர், 1965 போரைப் பாகிஸ்தான் விமானப்படையின் பக்கத்திலிருந்து சொல்லும் நூல் ஒன்றை வெளியிட்டார். அதிவேக ஸ்டார்ஃபைட்டரை ஓர் இந்திய மிஸ்டேர் வீழ்த்திய செய்தி அதில் இருந்தது. அந்த மிஸ்டேர் யாருடையது? கணக்குப் போட்டுப் பார்த்தபோது தேவய்யாவின் பெயர்தான் வந்தது. தனேஜா உள்ளிட்டவர்கள் அதை எடுத்துச் சொன்னார்கள். 1988இல் அரசு அவருக்கு மகா வீர் சக்ரா விருது அறிவித்தது. போர்க்கால வீர விருதுகளில் இது இரண்டாவது பெரிய விருது. அவருடைய மனைவி சுந்தரி அதைப் பெற்றுக்கொண்டார். கணவர் போய் 23 ஆண்டுகள் ஆகியிருந்தன!

கொஞ்சம் யோசியுங்கள். ‘எங்கள் உயர்ந்த விமானத்தை ஒரு சாதாரண விமானம் வீழ்த்தியது’ என்பது அவர்களுக்குப் பெருமையான செய்தியா? இல்லை. அந்தச் செய்தியை மறைத்திருந்தால்? அல்லது, ‘பாகிஸ்தான் கதையைச் சொல்லும் புத்தகம் நமக்கு எதற்கு?’ என்று நம்மவர்கள் அதைத் தூக்கி எறிந்திருந்தால்? இரண்டில் எது நடந்திருந்தாலும் தேவய்யா இன்றும் ‘காணாமல் போனவர்’தான்.

நம் காஞ்சிபுரத்திலும் இப்படி ஒரு சாட்சி இருக்கிறது. பல்லவர்களும் சாளுக்கியர்களும் தலைமுறை தலைமுறையாகப் பகைவர்கள். 642இல் பல்லவ மன்னர் நரசிம்மவர்மர் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைப் பிடித்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்துச் சாளுக்கிய மன்னர் இரண்டாம் விக்கிரமாதித்தர் காஞ்சியைப் பிடித்தார். பழிக்குப் பழி வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் ஊரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். இதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயில் தூண் ஒன்றில் இன்றும் இருக்கிறது. பிறகு ஊர் மறுபடி பல்லவர் கைக்கு வந்தது, சோழரும் ஆண்டார்கள். பகையரசரின் கல்வெட்டு என்று யாரும் அதைச் செதுக்கி அழித்துவிடவில்லை.

“எதிரியைப் பாராட்டினால் நம் வீரர்களுக்கு அவமானம் இல்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. எதிரே வந்தவர் கோழை, அவருடைய விமானம் ஓட்டை உடைசல் என்றால், அதை வீழ்த்தியதில் தேவய்யாவுக்கு என்ன பெருமை? எதிரியைச் சிறியவராக்கினால் நம் வீரரும் சேர்ந்தே சிறியவராகிறார். எதிரியின் திறமையை ஒப்புக்கொள்வது, அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்வதும் ஆகாது. நாட்டைக் காக்கும் கடமை வேறு. உண்மை பேசும் கடமை வேறு. இரண்டும் நமக்கு வேண்டும்.

2025இல் ‘ஸ்கை ஃபோர்ஸ்’ என்ற இந்திப் படம் இந்தக் கதையை வைத்து வந்தது. படத்தில் அவருடைய பெயர் வேறு. அதனால் உண்மையான பெயரை நீங்கள் நினைவில் வையுங்கள்: தேவய்யா.

போர்க்களம் உங்களுக்கு வெகு தூரம். கபடித் திடலும் வகுப்பறையும் பக்கத்தில்தான் இருக்கின்றன. எதிரணிக்காரன் உங்களைத் தொட்டது உங்களுக்கு மட்டும் தெரிந்தால், நீங்களே கையை உயர்த்துங்கள். உங்களைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கியவளை, “காப்பி அடித்திருப்பாள்” என்று சொல்லாதீர்கள். நம் ஊர் நெசவாளரைப் பாருங்கள். பக்கத்துத் தறியில் கோர்வை அழகாக விழுந்திருந்தால், “நல்ல வேலை!” என்று வாய்விட்டுச் சொல்வார். அதனால் அவர் நெய்த சேலையின் மதிப்பு குறைந்தா போகிறது?

அடுத்த முறை கைலாசநாதர் கோயிலுக்குப் போகும்போது, அந்தக் கன்னடக் கல்வெட்டு எந்தத் தூணில் இருக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்படியே கூட வரும் தம்பி தங்கைக்குத் தேவய்யாவின் கதையையும் சொல்லுங்கள். சொல்லும்போது, அம்ஜத் உசேன் பெயரையும் விட்டுவிடாதீர்கள். செய்வீர்கள்தானே?