இன்று ராத்திரிக்குக் கொண்டைக்கடலை



மாலை ஏழு மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர்களை மனதில் வைத்தே இந்த இதழின் சமையல் பக்கங்களைத் தயாரித்திருக்கிறோம். பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ நின்றபடியே வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே ‘ராத்திரிக்கு என்ன?’ என்ற கேள்வியை எதிர்கொள்கிறவர்கள் உங்களில் அநேகம் பேர். மாவு இருந்தால் தோசை. மாவு புளித்துப்போயிருந்தால் ரவை உப்புமா. அதற்கும் உடம்பில் தெம்பில்லை என்றால் கைபேசியில் ஆர்டர் போட்டுப் பரோட்டா. திங்கள் முதல் வெள்ளி வரை இரவுகள் இப்படியே மாவிலும் ரவையிலும் மைதாவிலும் கழிந்துவிடுகின்றன. மதியச் சாப்பாட்டுக்கு நாம் கொடுக்கும் அக்கறையில் பாதியாவது இரவுச் சாப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதற்கு நான் சிபாரிசு செய்வது கொண்டைக்கடலை. பால், தயிர், நெய், முட்டை எதுவும் சேராமல், அடுப்படியில் அரை மணி நேரம் மட்டும் நின்று, வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிடும்படி ஒரு குழம்பு. வீகன் சாப்பாடு என்றதும் பாதாம் பாலும் டோஃபுவும் விலை கூடிய பாக்கெட்டுகளும்தான் பலருக்கு நினைவில் வருகின்றன. நம் வீட்டுக் காரக்குழம்பு, பொரியல், சுண்டல், துவையல் எல்லாம் காலங்காலமாகவே அப்படிப்பட்டவைதான். தாளிக்க நல்லெண்ணெய், கொழுப்புக்குத் தேங்காய், புரதத்துக்குப் பருப்பும் பயறும். மளிகைக்கடைக்கு வெளியே எதையும் தேடிப் போக வேண்டாம்.

‘ராத்திரியில் கடலையா? வாயு!’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடலையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு இரையாகும்போதுதான் வாயு உண்டாகிறது. நல்லவேளையாக இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசி, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அவற்றில் ஒரு பகுதி போய்விடும். கடலை அரைவேக்காட்டில் நிற்கக் கூடாது. இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து லேசாக அழுத்தினாலே மசிய வேண்டும். இஞ்சியும் பெருங்காயமும் தாராளமாகச் சேருங்கள். வயதானவர்களுக்குக் கடலையை மசித்துக் கொஞ்சமாகப் பரிமாறுங்கள். கூடிய சீக்கிரம் சாப்பிட்டுவிட்டால் படுக்கப் போகும் முன் வயிற்றுக்கு அவகாசமும் கிடைக்கும்.

அரை மணி நேரம் என்று நான் சொல்வது அடுப்பின் முன்னால் நிற்கும் நேரத்தை மட்டும். ஊறவும் வேகவும் ஆகும் நேரத்தை மறைத்துவிட்டு ‘இருபதே நிமிடத்தில் கடலைக்கறி’ என்று எழுதும் குறிப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை. அதை நம்பி ஏழரை மணிக்குக் காய்ந்த கடலையை எடுப்பவருக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. சனிக்கிழமை இரவு ஊறப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தமாக வேகவைத்து வையுங்கள். வாரநாள் இரவில் எல்லாம் சுலபமாகிவிடும்.

அரைக்கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை ஊறினால் எடை இரட்டிப்பாகும். வெந்த பிறகு, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு இரவுக் குழம்புக்குச் சரியாக இருக்கும். ஊறும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைப் போடுங்கள். உப்பு சேர்த்தால் கடலை வேகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் உப்பிலுள்ள சோடியம், கடலைத் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தோலை இளக்குகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். புளியோ தக்காளியோ முதலிலேயே சேர்ந்துவிட்டால் கடலை இறுகியே நிற்கும். போர் தண்ணீரும் அப்படித்தான். கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த கடின நீரில் எத்தனை விசில் விட்டாலும் பலன் குறைவு. ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இரவு முழுக்க வெளியே வைத்தால் தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும். அந்த மாதங்களில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து ஊறவிடுங்கள். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமினை அது அழித்துவிடும். நல்ல கடலைக்கு அது தேவையுமில்லை. விற்றுத் தீர்ந்து புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கும் கடையில் வாங்குங்கள். கிடப்பில் கிடந்த பழைய கடலை எளிதில் மசியாது.

குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பயறு வகை வேகும்போது நுரை பொங்கி விசில் துவாரத்தை அடைத்துக்கொள்ளக்கூடும். ஊறிய வெள்ளைக் கடலைக்கு ஐந்து விசில் விட்டு, தீயைக் குறைத்து இன்னும் ஐந்து நிமிடம். கறுப்புக் கடலை என்றால் கூடுதலாக இரண்டு மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும். ஆறியதும், குழம்புக்கு ஒன்றாக இரண்டு டப்பாக்களில் பிரித்துப் போட்டு, வெந்த தண்ணீரிலும் கொஞ்சம் ஊற்றி மூடுங்கள். முதல் டப்பா ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மற்றது ஃப்ரீஸரில் இருக்கட்டும்.

கடலை வெந்த அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். கடலையின் மாவுச்சத்தும் புரதமும் அதில் இறங்கியிருக்கின்றன. குழம்பைக் கெட்டியாக்கப் போவது அதுதான். பிரான்ஸ் நாட்டு இசைப்பாடகர் ஜோயல் ரோஸெல் 2014-இல், பயறு வெந்த நீரை அடித்தால் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல நுரை கட்டும் என்று கண்டுபிடித்தார். முட்டை சேர்க்காத கேக்கும் மெரிங்கும் செய்கிறவர்கள் இன்று உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வாயுத் தொல்லை அதிகம் உள்ளவர்கள் மட்டும் குழம்பில் இந்தத் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, புதன்கிழமை இரவு ஏழரை மணி. அரிசியைக் களைந்து குக்கரில் ஏற்றிவிடுங்கள். ஒரு மூடி தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்துப் பிழிந்தால் முக்கால் டம்ளர் கெட்டிப் பால் கிடைக்கும். சக்கையை மறுபடி அரைத்து இரண்டாம் பால் ஒன்றரை டம்ளர் எடுங்கள். இதற்குள் அடுப்பில் சட்டி காய்ந்திருக்கும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டு, கடுகு வெடித்ததும் சோம்பு, ஒரு காய்ந்த மிளகாய், இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை, பெருங்காயம். பதினைந்து சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்றால் இரண்டு பெரிய வெங்காயமே போதும், பொடியாக அரிந்து போடுங்கள். வெங்காயத்தை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். ஓரம் சிவக்கிற வரை வதங்க வேண்டும், குழம்பின் ருசிக்கு ஆதாரமே அதுதான். பிறகு தட்டிய பூண்டு ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி, இரண்டு தக்காளி. தக்காளி கரைந்து எண்ணெய் பிரியும்போது மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள் சேர்த்து, தீயைக் குறைத்து அரை நிமிடம் புரட்டுங்கள்.

இப்போது ஒரு டப்பா கடலை, அதன் தண்ணீரோடு. ஒரு கரண்டிக் கடலையை மட்டும் தனியே எடுத்துப் பருப்பு மத்தால் மசித்துச் சேர்த்தால் குழம்பு சோற்றோடு ஒட்டும். இரண்டாம் பாலையும் உப்பையும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கட்டும். காலையிலேயே ஆய்ந்து வைத்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி இருந்தால் இந்தச் சமயத்தில் போட வேண்டும். இல்லையென்றால் பசலைக்கீரை. கடைசியில் கெட்டிப் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதித்தால் பால் திரிந்துபோகும். இறக்கிய பின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள்.

எலுமிச்சை ருசிக்கு மட்டுமன்று. கடலையிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் லேசில் சேராது, வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். வெந்த கடலை 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் கடலையில் நிறைய இருக்கிறது. கடலையில் குறைவான மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அரிசியில் கிடைக்கிறது. ஆகவே சோற்றோடு இந்தக் குழம்பைச் சாப்பிடும்போது இரண்டின் குறையும் நிரவப்படுகிறது. சப்பாத்தியோடு சாப்பிட்டாலும் அப்படியே.

வேகவைத்த கடலை ஃப்ரிட்ஜில் இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு, எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். யார் முதலில் வீட்டுக்கு வருகிறாரோ அவர் சமையலைத் தொடங்கிவிடலாம். அது கணவராக இருக்கலாம், கல்லூரியிலிருந்து திரும்பிய மகனாக இருக்கலாம், டியூஷன் இல்லாத நாளில் மகளாக இருக்கலாம். பக்குவம் பார்க்க வேண்டிய கஷ்டமான வேலை ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது வதக்குவதும் கொதிக்கவைப்பதும்தான். எத்தனையோ வீடுகளில் அம்மா வரும் வரை அடுப்பு பற்றவைக்கப்படாமலே இருக்கிறது. அந்த வீடுகளுக்காகவே இந்தக் குறிப்பை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குழம்புக்கும் நேரமில்லாத நாள் உண்டு. அன்றைக்குக் கொழும்பு காலிமுகத்திடலில் மாலை நேரத்தில் விற்கும் கடலையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தேங்காயைச் சின்னச் சின்னச் சில்லுகளாகக் கீறிப்போட்டு, கடலையைப் புரட்டி எடுத்தால் ஆயிற்று. கூட இரண்டு சப்பாத்தி இருந்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. கேரளத்துக்காரர்களைப் போலப் புட்டும் கறுப்புக் கடலைக் கறியும் செய்யலாம், புட்டு மாவு கைவசம் இருக்கும் வீட்டில் அதுவும் விரைவான சாப்பாடுதான்.

ஊறவைக்கவே மறந்துபோனால்? கொதிக்கும் தண்ணீரை ஹாட்பேக்கில் ஊற்றி, கடலையைப் போட்டு இரண்டு மணி நேரம் மூடிவைத்து, பிறகு குக்கரில் வழக்கத்தைவிட அதிக நேரம் வேகவைக்கலாம். ஆனால் அது விடுமுறை நாளுக்குத்தான் பொருந்தும். வாரநாள் இரவுக்கு என் யோசனை பாம்பே சட்னி. கறுப்புக் கொண்டைக்கடலையை உடைத்தால் கடலைப்பருப்பு, அதை அரைத்தால் கடலைமாவு. இரண்டு மேசைக்கரண்டி கடலைமாவைக் கட்டியில்லாமல் தண்ணீரில் கரைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி தாளித்ததில் ஊற்றிக் கிளறினால் பத்து நிமிடத்தில் தயார். இட்லிக்கும் சப்பாத்திக்கும் அருமையாகப் பொருந்தும். பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிட மறக்காதீர்கள்.

தயிரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம்மில் பலருக்குக் கடைசியில் ஒரு பிடி தயிர்சாதம் இல்லாமல் சாப்பிட்ட நிறைவே வராது. பாலை அடியோடு விட முடிவெடுத்தவர்களுக்குச் சாப்பாட்டில் அதுதான் பெரிய சவால். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து, பால் எடுத்துக் காய்ச்சி, காம்போடு இரண்டு பச்சைமிளகாய் போட்டு உறைய வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் மணம் பிடித்துப்போனவர்கள் மறுபடி பசுந்தயிரைத் தேடுவதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பி12 வைட்டமின் தாவர உணவிலிருந்து கிடைக்காது. கடலையும் கீரையும் எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் குறை தீராது. முழுமையாக வீகனாக மாறுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு அதை மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு இரவு மட்டும் இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வியாழக்கிழமை குரு பகவானுக்குக் கடலை மாலை சாத்துவதையும் நவராத்திரிச் சுண்டலையும் தாண்டி, உங்கள் வீட்டு அடுப்பில் கொண்டைக்கடலை என்னென்ன வடிவம் எடுக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். செட்டிநாட்டுப் பக்கத்து மசாலாவாக இருக்கலாம், யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டதாக இருக்கலாம், விடுதி அறையில் ஒற்றை மின்னடுப்பில் செய்ததாகவும் இருக்கலாம். அளவுகளை டம்ளரிலும் கரண்டியிலும் சொல்லுங்கள், எத்தனை பேர் சாப்பிடலாம் என்பதையும் குறிப்பிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொன்றையும் சமைத்துப் பார்த்து, நன்றாக வந்தவற்றை அடுத்த இதழில் உங்கள் பெயருடன் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்