புது லேப்டாப் கொதிக்கிறதா? பதறவும் வேண்டாம், பேசாமல் இருக்கவும் வேண்டாம்

ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. பூதப்பாண்டியில் ஒரு மாடி அறையை நினைத்துப் பாருங்கள். மேலே காலையிலிருந்து வெயில் குடித்த கான்கிரீட் தளம். தலைக்கு மேல் ஃபேன். கட்டிலில் மெத்தை, மெத்தைமேல் நேற்று வந்திறங்கிய புது லேப்டாப். வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து. வீடியோ மீட்டிங் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் இரைகிறது, கீபோர்டுக்கு மேல் பகுதியில் விரல் வைக்க முடியவில்லை, திரையில் முகங்கள் திக்கித் திக்கி நகர்கின்றன. டீ கொண்டுவந்து வைக்கும் அம்மா, "மக்ளே, இதுல தோசை சுடலாம் போலிருக்கே" என்கிறார்.

சிரிப்பு வரும். ஆனால் மாதத் தவணையில் வாங்கிய பொருள் இரண்டாம் நாளே இப்படிச் சுட்டால் வயிற்றிலும் கொஞ்சம் சுடத்தான் செய்யும். இது இயல்பா, பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா, பழகிக்கொள்ள வேண்டுமா? ஆன்லைனில் வாங்கியவருக்கு இந்தக் கேள்விக்கு விடை தேடக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

சூடு எங்கிருந்து வருகிறது?

லேப்டாப் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. மெயில் பார்க்கும்போது 10, 15 வாட் போதும். வீடியோ எடிட்டிங், கோடு கம்பைல் செய்வது போன்ற கனமான வேலை என்றால் 50, 60 வாட் வரை போகும். கேமிங் லேப்டாப் என்றால் 150 வாட்டையும் தாண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, இரண்டு செ.மீ. தடிமன் உள்ள பெட்டிக்குள் வைத்து மூடினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் இங்கே நடக்கிறது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி நகத்தளவு சிப்பில் பிறக்கிறது. அங்கிருந்து செம்புக் குழாய் வழியாக அலுமினியம் அல்லது செம்புத் தகடுகளுக்குப் போகிறது. குட்டி ஃபேன் அதை வெளியே தள்ளுகிறது.

இந்த ஏற்பாடு புரிய பூதப்பாண்டிக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. பக்கத்தில்தான் ஆரல்வாய்மொழி கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கும் இடத்தில் அடங்கிப்போகும் காற்று, கணவாயில் வழி கிடைத்ததும் பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. லேப்டாப்பின் அடியிலும் பின்பக்கமும் இருக்கும் துளைகள்தான் அதன் கணவாய். மெத்தையில் வைத்த உடனே அடித்துளை அடைபடுகிறது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இழுக்கக் காற்று இல்லை.

நமக்குப் புழுக்கம், அதற்கு வெப்பநிலை

குமரி மாவட்டம் வேலூர், திருத்தணி மாதிரி 40 டிகிரியில் வறுபடும் பகுதி அல்ல. இங்கே சிரமம் புழுக்கம். இதில் பலரும் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. ஃபேன் காற்று நமக்குக் குளிர்ச்சியாகத் தெரிவது வியர்வை ஆவியாவதால். லேப்டாப்புக்கு வியர்க்காது. அறையின் வெப்பநிலை 34 டிகிரி என்றால், அதன் ஃபேன் உள்ளே இழுப்பதும் 34 டிகிரி காற்றுதான். அதற்குக் கீழே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியே இல்லை.

ஏறக்குறைய சரியான கணக்கு ஒன்று உண்டு: ஒரே வேலை, ஒரே ஃபேன் வேகம் என்றால், அறை 10 டிகிரி கூடும்போது சிப்பும் சுமார் 10 டிகிரி கூடும். 24 டிகிரி ஏசி அறையில் 80 டிகிரி காட்டும் சிப், 34 டிகிரி மாடி அறையில் 90ஐத் தொடும். யூடியூப் ரிவ்யூவில் 'சூடே இல்லை' என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த அறை வேறு.

பல நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புக்குச் சொல்லும் இயக்க வெப்பநிலையின் உச்சவரம்பு 35 டிகிரி. ஆப்பிளும் மேக்புக்குக்கு 10 முதல் 35 டிகிரி என்றுதான் குறிப்பிடுகிறது. கோடை மதியத்தில் தமிழ்நாட்டு மொட்டைமாடி அறைகள் பல இந்த எல்லையிலேயே நிற்கின்றன. சில தாண்டியே விடுகின்றன.

எவ்வளவு சூடு சரி?

சிப்பின் வெப்பநிலையைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் போதும். சும்மா இருக்கும்போது 40 முதல் 55, சாதாரண வேலையில் 60, 70, கனமான வேலையில் 85 முதல் 95 வரை என்பது இன்றைய லேப்டாப்களில் பொதுவாகக் காண்பது. 95 என்ற எண்ணைப் பார்த்ததும் பதற வேண்டாம். இன்டெலின் பல லேப்டாப் சிப்களுக்கு 100 டிகிரி வரையும், ஏஎம்டியின் பலவற்றுக்கு 95 டிகிரி வரையும் அனுமதி உண்டு. எல்லையைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் மெஷின் அணைந்துவிடும். ஆகவே சிப் எரிந்துபோகும் என்ற பயம் பெரும்பாலும் வீண்.

உண்மையான இழப்பு வேறு இடத்தில். வேகம் குறைகிறது, காசு கொடுத்து வாங்கிய சிப்பின் ஒரு பகுதியைப் பயன்படுத்தவே முடிவதில்லை. இரண்டாவது, பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரிக்கு வெப்பம்தான் முதல் எதிரி. முழு சார்ஜில், சூட்டில், நாள்முழுக்க பிளக்கிலேயே கிடக்கும் பேட்டரி சீக்கிரம் கிழடாகிறது, சில நேரம் உப்பிவிடுகிறது. 2006இல் டெல் நிறுவனம் சோனி தயாரித்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும் என்பதே காரணம். அது தயாரிப்புக் குறை. ஆனாலும் பேட்டரி விஷயத்தில் அலட்சியம் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

மூன்றாவது, உடம்பு. 'லேப்டாப்' என்ற பெயரை நம்பி மடியில் மணிக்கணக்கில் வைத்தால், தொடைத் தோலில் வலைபோல் பழுப்புத் தழும்பு விழலாம். தினமும் பல மணி நேரம் லேப்டாப்பில் விளையாடிய 12 வயதுச் சிறுவனுக்கு இப்படி ஆனதை 2010இல் சுவிஸ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். லேப்டாப்பை ஒரு மணி நேரம் மடியில் வைத்த ஆண்களுக்கு விதைப்பை வெப்பநிலை 2.5 டிகிரிக்கு மேல் உயர்ந்ததாக 2005இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மேசை இருக்கும்போது மடி எதற்கு?

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

புது லேப்டாப் முதல் இரண்டு நாள் கூடுதலாகச் சுடுவது சகஜம். விண்டோஸ் அப்டேட் ஓடும், கோப்புகளைப் பட்டியலிடும், கிளவுடிலிருந்து போட்டோ இறங்கும். எல்லாம் பின்னணியில். அப்டேட்களை முடித்து, பயோஸ் அப்டேட்டும் போட்டு, ஒரு நாள் விடுங்கள். பிறகு சோதியுங்கள்.

சோதனையை மெத்தையில் செய்யக் கூடாது. மேசையில், இல்லையென்றால் தரையில் ஒரு மணைப்பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்து ஒரு செ.மீ. உயர்த்தினாலே பல மாடல்களில் சில டிகிரி இறங்கும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, அரை மணி நேரம் வழக்கமான வேலையைக் கொடுத்து, அறை வெப்பநிலையோடு சிப் வெப்பநிலையையும் குறித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு சர்வீஸ் சென்டரில் வாதாட இதுதான் ஆதாரம்.

அடுத்து செட்டிங்ஸ். பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதிலிருந்து 'பேலன்ஸ்டு'க்கு மாற்றினால் அன்றாட வேலையில் வேக வித்தியாசம் தெரியாது, சூட்டில் தெரியும். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல பிராண்டுகளில் இருக்கிறது. எப்போதும் பிளக்கில் வைத்து வேலை செய்பவர்கள் அதை ஆன் செய்வது நல்லது. ஆனி, ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலோர மேசையில் தூசி சேரும். துளைகளை அவ்வப்போது மெல்லிய பிரஷால் துடைத்தால் போதும். ஃப்ரிட்ஜில் வைப்பது, ஈரத்துணி போடுவது, ஐஸ் பேக் ஒற்றுவது எல்லாம் ஆபத்து. இந்த ஈரக்காற்றில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகு, சும்மா இருக்கும்போதே 80 டிகிரியில் நிற்கிறதா? ஃபேன் சுற்றவே இல்லையா? (மேக்புக் ஏர் போன்ற சிலவற்றில் ஃபேனே கிடையாது, அது வேறு.) சாதாரண வேலையில் திடீரென்று அணைகிறதா? அது 'ஊர் வெயில்' அல்ல, பழுது. உள்ளே வெப்பம் கடத்தும் பேஸ்ட் சரியாகப் பூசப்படாமல் இருக்கலாம், ஃபேன் ஒயர் கழன்றிருக்கலாம். நீங்களே திறந்தால் வாரண்டி சிக்கலாகும். அடிப்பக்கம் உப்பினாலோ, டச்பேட் மேலே தூக்கினாலோ அந்த நிமிடமே சார்ஜரைக் கழற்றிவிட்டு அணைத்துவிடுங்கள்.

வெயில்மேல் பழி போடலாமா?

சர்வீஸ் கவுண்டர்களில் அடிக்கடி காதில் விழும் பதில் ஒன்று: "உங்க ஊர் சூடு சார், நாங்க என்ன பண்ண முடியும்?" சில சமயம் அது உண்மை. எல்லா நேரமும் அல்ல. 2018 ஜூலையில் ஆப்பிள் வெளியிட்ட கோர் ஐ9 மேக்புக் ப்ரோ, கனமான வேலையில் வேகம் சரிந்து தடுமாறியது. ஒரு யூடியூபர் அதை அளந்து காட்டினார். முதலில் பலரும் மெலிந்த பெட்டிக்கு இவ்வளவு பெரிய சிப் அடங்காது என்றே பேசினார்கள். இரண்டு வாரத்துக்குள், வெப்பத்தைக் கையாளும் ஃபர்ம்வேரில் ஒரு குறை இருந்ததை ஆப்பிளே ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, அப்டேட் வெளியிட்டது. அளந்து கேட்டதால் கிடைத்த பதில் அது. அளக்காமல் இருந்தால் பழி சிப்பின்மேலோ வெயிலின்மேலோ போயிருக்கும்.

இங்கே வாங்குபவருக்கு அளப்பதற்கான தகவலே கொடுக்கப்படுவதில்லை என்பதுதான் சிக்கல். இந்தியாவில் லேப்டாப் விற்க பிஐஎஸ் கட்டாயப் பதிவு வேண்டும். அந்தச் சோதனை, மின்சாரம் தாக்காது, தீப்பிடிக்காது, தொட்டால் புண்ணாகாது என்ற பாதுகாப்பைப் பார்க்கிறது. தேவையானதுதான். ஆனால் 35 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் வேலை செய்தால் வேகம் எவ்வளவு மிஞ்சும் என்று அது சொல்வதில்லை. பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் 'அதிகபட்ச' வேகம் சில விநாடிகள் மட்டும் எட்டும் உச்சம். ஏசி வாங்கும்போது நட்சத்திர முத்திரையைப் பார்த்து ஒப்பிட முடிகிறது. அதைவிட விலை கூடிய லேப்டாப்பில், சூட்டில் வேகம் எவ்வளவு மிஞ்சும் என்று ஒப்பிட அப்படி ஒரு கட்டாய முத்திரை இல்லை.

தமிழ்நாடு அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர் கேட்டால் எந்த நிறுவனமும் தட்ட முடியாது. ராம், ஹார்டு டிஸ்க் அளவோடு, '35 டிகிரி அறையில், தொடர்ந்து ஒரு மணி நேரம், இவ்வளவு வேகம்; கை படும் இடத்தில் இவ்வளவு வெப்பம்' என்ற நிபந்தனையும் அரசு டெண்டர்களில் இடம்பெற வேண்டும். அரசுக்காக அளக்கப்படும் எண், கடையில் வாங்குபவருக்கும் தெரியவரும்.

அதுவரை சட்டம் கையில் இருக்கிறது. பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உரிமை. பழுது என்று சந்தேகம் வந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். 'போனில் சொன்னேன்' என்பது நிற்காது. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

பூதப்பாண்டி மாடி அறையில் வெயிலைக் குறைக்க முடியாது. மெத்தையிலிருந்து மணைப்பலகைக்கு மாற்றலாம், மோடை மாற்றலாம், மதியத்து கனமான வேலையைக் காலைக்குத் தள்ளலாம். வாங்கியவர் இவ்வளவும் செய்த பிறகும் தோசைக்கல்லாகவே இருந்தால், பதில் சொல்ல வேண்டியது விற்றவர்.