பேத்தியை இழுக்கும் சைக்கிள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அந்தி வேளையில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்க, பக்கத்துச் சந்தில் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையின் வியாபாரிகள் குடை விரித்துக்கொண்டிருக்க, மருமகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பாவாடைத் துணி பார்க்க உள்ளே போயிருந்த அந்த அரைமணி நேரத்தில், அஞ்சடி நடைபாதையின் தூணில் சாய்ந்து நின்ற என் மகன் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அப்பா, இதப் பாருங்க. கார்பன் ஃபிரேம். மொத்தமே எட்டு கிலோதான். செகண்ட் ஹேண்ட், நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி" என்றான். படத்தில் இருந்த சைக்கிள் அழகானதுதான்; சந்தேகமில்லை. ஆனால் அவன் அதை வாங்க நினைத்தது பந்தயத்துக்கு அல்ல. இரண்டு வயதுப் பேத்தியை உட்கார்த்திப் பின்னால் இழுத்துச் செல்ல. வெளிநாடு போய்விட்ட நண்பர் ஒருவர், தம் பிள்ளைகள் வளர்ந்துவிட்டபடியால், டிரெய்லர் என்று கடைக்காரர்கள் சொல்லும் இரண்டு சக்கரப் பின்வண்டி ஒன்றை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் விட்டுச் சென்றிருந்தார். வண்டி கைக்கு வந்துவிட்டது. இழுப்பதற்கு மாடு வேண்டும் என்பதுதான் எங்கள் நிலை.

"இது வேண்டாம்பா" என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்று அவனுக்கு விளக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் விசாரித்ததும் கணக்குப் போட்டதும் கையால் தொட்டுப் பார்த்ததுமான விஷயங்களையே இந்த வாரம் எழுதுகிறேன்.

சைக்கிளில் பாரம் சுமப்பது நம் ஜனங்களுக்குப் புதிய காரியமல்ல. கிள்ளானுக்கு அப்பால் ரப்பர்த் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் என் தகப்பனார், ராலே சைக்கிளின் கேரியரில் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் போவார். சாயந்தரம் அதே கேரியரில் என் தங்கையும், முன் குழாயில் துண்டு சுற்றி அதன்மேல் நானுமாகக் கடைத்தெருவுக்குப் போவோம். 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, கட்டிய மூட்டைகளோடு சைக்கிள் மிதித்தே தெற்கே இறங்கி வந்ததையும், டயர் வெடித்த பிறகு வெறும் இரும்பு ரிம்மிலேயே அவர்கள் ஓட்டிப்போன சத்தத்தையும் தகப்பனார் பலமுறை சொல்லியிருக்கிறார். 1942 ஜனவரி 11 அன்று அவர்கள் கோலாலம்பூருக்குள் நுழைந்துவிட்டார்கள். அந்த யுத்தத்தின் துன்பங்களை நம்மவர்கள் மறக்கவில்லை. நான் சொல்ல வருவது சைக்கிளைப் பற்றி மட்டுமே. கனமான, சாதாரணமான, எங்கும் பழுது பார்க்கக்கூடிய இரும்பு வண்டி எவ்வளவு பாரத்தையும் தாங்கும் என்பதற்கு இந்தத் தீபகற்பம் முழுவதுமே ஒரு சாட்சி.

பந்தய சைக்கிளோ, தன்னையும் தன் எஜமானனையும் தவிர வேறொன்றையும் சுமக்கக்கூடாது என்ற சங்கல்பத்தோடு செய்யப்பட்டது. அதன் விலையில் பெரும்பகுதி எடையைக் குறைப்பதற்கே போகிறது. கணக்கைப் பாருங்கள்: மகன் 70 கிலோ, சாதாரண அலுமினிய ரோடு பைக் 11, பின்வண்டி 12, பேத்தி 12, தண்ணீரும் பையும் 3, ஆக 108 கிலோ. அந்த எட்டுக் கிலோ சைக்கிளை வாங்கினால் இது 105 ஆகும். நூற்றுக்கு மூன்று பங்குகூட மிச்சமாகாத இந்த லாபத்துக்காக, மூன்று மடங்கு பணம் கொடுப்பது எப்படி நியாயமாகும்? அதைவிடப் பெரிய விஷயம், கார்பன் சட்டத்தில் பின்வண்டியைப் பூட்டலாகாது என்று உற்பத்தியாளர்கள் பலர் தங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள் என்பது. விற்க முன்வந்தவரிடம் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்ற பதிலே வந்தது. குழந்தை உட்காரும் காரியத்தில் அந்தப் பதிலை நான் ஏற்பதற்கில்லை.

அப்படியானால் ரோடு பைக்கே வேண்டாமா என்றால், அதுவும் என் அபிப்பிராயமல்ல. மகன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் வேலைக்கு மிதித்துப் போகிறவன். ஞாயிறு மட்டுமே குழந்தையை இழுப்பான். வாரத்தில் ஐந்து நாள் தனியே வேகமாகப் போகவும், ஒரு நாள் நிதானமாக இழுக்கவும் ஒரே வண்டி வேண்டும், கையில் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் இல்லை என்பதுதான் பிரச்னை. நம் நாட்டில் பல இளம் குடும்பங்களின் பிரச்னையும் இதுவே.

முதலில் கியர். பழைய பந்தய வண்டிகளில் முன்னே 39 பல், பின்னே மிகப் பெரியது 25 பல் என்று இருக்கும். ஒரு முறை மிதித்தால் வண்டி ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் நகரும். சமதரையில் இது சுகம். ஏரித் தோட்டத்தை ஒட்டிய புக்கிட் அமான் ஏற்றத்தில், 108 கிலோவோடு, இது முழங்காலுக்குச் செய்யும் துரோகம். முன்னே 34, பின்னே 32 இருந்தால் ஒரு மிதிக்கு இரண்டேகால் மீட்டருக்கும் சற்றுக் குறைவாக நகரும். முன்னே மூன்று சங்கிலிச் சக்கரங்களும் அவற்றில் சிறியது 30 பல்லுமாக இருந்தால் இரண்டு மீட்டருக்கும் கீழே வந்துவிடும். ஷிமானோ நிறுவனத்தின் கிளாரிஸ், சோரா என்ற சிக்கனமான வரிசைகளில் இத்தகைய மூன்று சக்கர அமைப்பு உண்டு. கடைக்காரர்கள் இதைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். ஏற்றத்தில் இழுக்கிறவனுக்கு இதைவிட உபகாரமான பாணி இல்லை. அந்த ஷிமானோவுக்கு ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் பக்கம் தொழிற்சாலையே இருக்கிறது; உதிரி பாகம் கிடைக்குமா என்ற கவலைக்கு இங்கே இடமில்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. பின்வண்டிக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. முழுப் பாரத்தையும் சைக்கிளின் இரண்டு பிரேக்குகளே நிறுத்த வேண்டும். தனியே போகும்போது 81 கிலோவாக இருந்தது, இழுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி 108 ஆகிறது. அதே அழுத்தத்தில் நிற்கும் தூரமும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இத்தோடு நம் ஊர் மழையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தியானம் வெயில் கொளுத்தி, நாலு மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் ஊரில், ரிம்மை அழுத்தும் ரப்பர் பிரேக், நனைந்த ரிம்மைத் துடைத்து முடித்த பிறகே பிடிக்கத் தொடங்குகிறது. ஆகவே டிஸ்க் பிரேக் அவசியம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது விலை அதிகமென்றால், கம்பியால் இழுக்கும் சாதாரண டிஸ்க் போதும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

இவ்வளவும் ஏட்டறிவு. உண்மையான பாடம் கிள்ளானில் கிடைத்தது. என் இளமைக் காலத்திலிருந்து நான் அறிந்த மெக்கானிக் ஒருவர் அங்கே இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கடையென்று சொல்ல ஒரு தகரக் கூரையும் ஒரு மரப்பெட்டியும்தான். பொறுக்கி எடுத்த மூன்று பழைய ரோடு பைக்குகளின் படத்தைக் காட்டினோம். "பிள்ளைய இழுக்கவா தம்பி? அப்ப முன்பக்கம் விடுங்க, பின்சக்கரத்த மட்டும் காட்டுங்க" என்றார். அவர் சொன்னபடி, அவற்றுள் பின்சக்கரத்தில் 32 ஆரக்கம்பிகள் உள்ள அலுமினிய வண்டியை ஆயிரத்து நானூறு வெள்ளிக்கு வாங்கி, மறுவாரம் அவர் முன் கொண்டுபோய் நிறுத்தினோம்.

அவர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். சத்தத்தைக் கேட்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. சக்கரம் நின்றதும் ஆரக்கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலிடுக்கில் அழுத்திக்கொண்டே வட்டம் முழுவதும் வந்து, ஓரிடத்தில் நின்று, சாவியால் கால் திருப்புத் திருப்பினார். பின்பு அச்சின் இடப்பக்கத்துக்கு வந்தார். பின்வண்டியின் இழுகம்பி சைக்கிளில் மாட்டுவது அங்கேதான்: உள்ளங்கையில் அடங்கும் ஒரு எஃகுத் தகடு, அச்சின் நட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகப்படுகிறது, அந்தத் தகட்டில்தான் குழந்தையின் பாரமெல்லாம் தொங்குகிறது. தகட்டைச் செருகி நட்டைத் திருகிவிட்டு, "எண்ணுங்க அண்ணே" என்று என்னிடம் காட்டினார். தகட்டின் கனத்தால் அச்சுக்கம்பியின் நீளம் போதாமல், நட்டு மூன்று மரைதான் பிடித்திருந்தது. குறைந்தது ஐந்து மரை பிடிக்கவேண்டுமாம். மரப்பெட்டியைத் துழாவி நீளமான வேறொரு கம்பி எடுத்துப் போட்டு, மறுபடி எண்ணச் சொன்னார், ஏழு வந்தது. இழுகம்பியோடு வரும் நாடாவையும் சட்டத்தின் குழாயைச் சுற்றிக் கட்டினார். தகடு என்றாவது கழன்றாலும் வண்டி தனியே உருண்டு போகாமல் பிடிக்க அந்த நாடாதான் கடைசிக் காவல். புதிய வண்டிகளில் அச்சு பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் குறுக்கே ஓடித் திருகும் வகையாக இருப்பதுண்டு. அதில் மரை இடைவெளி 1.0, 1.5, 1.75 என்று வண்டிக்கு வண்டி மாறுவதால், வாங்குமுன் அளந்து, அதற்கேற்ற அச்சைத் தேடவேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

மட்கார்டைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. மட்கார்டு இல்லாத சைக்கிளின் பின்சக்கரம் சாலையின் சேற்றுநீரை வாரி இறைப்பது நேரே பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தில் என்பது, அவர் சொன்ன பிறகு எவ்வளவு தெளிவாக இருக்கிறது! பந்தய வண்டிகளில் அதைப் பூட்டத் துளையும் இராது, இடமும் இராது. எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தன. இருபத்தெட்டு மில்லிமீட்டர் டயரும் உள்ளே அடங்கியது.

இனி சாலை. மிட்வெலியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாக டத்தாரான் மெர்டேக்கா வரை ஐந்தரை கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை 2015-இல் திறக்கப்பட்டது. 2018-இல் உலக நகர்ப்புற மாமன்றம் கோலாலம்பூரில் கூடிய காலத்தை ஒட்டி, நகரின் நடுவே நீல வண்ணம் தீட்டிய தடங்கள் வந்தன. வண்ணம் தீட்டியவர்களின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நீலத்தின்மேல் கார் நிறுத்தினால், தனியாகச் செல்கிறவன் ஒதுங்கிப் போகலாம், ஹேண்டில்பாரைவிட அகலமான பின்வண்டியோடு செல்கிறவன் பேருந்தின் பாதைக்குள் திரும்பியாக வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போதும் இதே ஆபத்து: சைக்கிள் வளைந்த பாதையைவிட உள்ளே ஒட்டியே பின்வண்டி வளைகிறது, நடைபாதையின் விளிம்புக் கல்லில் உள்சக்கரம் ஏறினால் வண்டி கவிழும். மஸ்ஜித் இந்தியாவிலோ பாதத்தின் கீழிருக்கும் நிலத்தையே நம்பப் பயந்த காலம் ஒன்று சமீபத்தில் வந்தது. 2024 ஆகஸ்டு 23 அன்று இந்த வீதியின் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியை விழுங்கிவிட்டது. ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் என் நடை தானே தளர்கிறது. காரில் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் சட்டமாக்கியிருக்கிறார்கள். மிக நல்ல சட்டம். காருக்கு வெளியே போகும் குழந்தைக்கும் பத்திரமான ஒரு முழத் தடம் தரும் நாள் வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அதுவரை, மாநகர் மன்றம் ஞாயிறு காலையில் ஜாலான் ராஜா லாவுட் முதலிய வீதிகளைக் கார்களுக்கு மூடிவிடும் அந்தச் சில மணி நேரமே எங்களுக்குப் போதும்; 2014-இல் தொடங்கிய அந்த வழக்கம் இந்நகரத்துக் குழந்தைகளுக்குக் கிடைத்த பெரிய வரப்பிரசாதம்.

முதல் ஞாயிறு பேத்தியை ஏற்றவில்லை. மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பையொன்றும் ஐந்து கிலோ பையொன்றும் இருக்கையில் வைத்து, குழந்தைக்குரிய வாரையே பூட்டி, மகன் புக்கிட் அமான் ஏற்றத்தை ஏறி இறங்கினான். இறக்கத்தின் அடியில் நான் நின்றேன். முதல் தடவை அவன் நிற்க நினைத்த இடத்தைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய்த்தான் நின்றான். மூன்றாவது தடவை என் செருப்புக்கு முன்னால் நின்றான்.

அடுத்த ஞாயிறு பேத்தி ஏறினாள். தலைக்கவசத்தின் பின்புறம் இருக்கையில் இடித்துத் தலையை முன்னே தள்ளியதால், முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு துண்டை மடித்து வைத்தோம். பிறகு நேராக உட்கார்ந்தாள். ராஜா லாவுட் முழுவதும் கையை நீட்டி ஒவ்வொரு நாயையும் கூப்பிட்டவள், மஸ்ஜித் இந்தியா முனையில் தேநீருக்காக நிறுத்தியபோது உறங்கிப்போயிருந்தாள். வலைத்திரையை விலக்கிக் காற்று வரும்படி வைத்துவிட்டு, மகன் குனிந்து பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளை இரண்டிரண்டாக அழுத்திக்கொண்டு வந்தான். ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்கு எடுத்துப் போகிறோம்.