வரைபடத்துக்கும் காவல் தேவை



2019இல் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் எங்கள் கொல்லிமலைக்கு அருகிலுள்ள சேலமும் ஒரு முனையம். அங்குள்ள சிறு பட்டறைகளுக்கு ஆர்டர் வரும்போது, கூடவே ரகசிய வடிவமைப்புக் கோப்புகளும் வரும். இயந்திரம் திருடுபோனால் உடனே தெரியும். கோப்பை நகலெடுத்தால் மூலம் அப்படியே இருக்கும்; திருட்டு வெளியே தெரியாது. 2016இல் இந்தியக் கடற்படையின் ஸ்கார்பீன் நீர்மூழ்கி பற்றிய 22,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணங்கள் கசிந்த செய்தியை ஆஸ்திரேலிய நாளிதழ் வெளியிட்ட பிறகே உலகம் அறிந்தது. கோப்புகளைப் பாதுகாக்கும் செலவைச் சிறு நிறுவனங்களால் தாங்க முடியாது என்பது நியாயமான வாதம்தான். அதனால்தான் வழித்தடத்தை ஒருங்கிணைக்கும் அரசு நிறுவனமான டிட்கோ பொதுச் சர்வர் அமைக்க வேண்டும்: அவரவர் செய்யும் பாகத்தின் வரைபடம் மட்டும், வேலை முடியும்வரை மட்டும் திறக்கட்டும், திறந்தவர் யாரென்பதும் பதிவாகட்டும்.

– வாசகர் ஒருவர், செம்மேடு, கொல்லிமலை